வேணி தேடிய பூச்சி

விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில் எந்த மல்லிச்செடியில் எந்தப் பூச்சி உட்கார்ந்தாலும், அது ஆணா பெண்ணா, யார் கொல்லையிலிருந்து வந்தது, காலையில் என்ன சாப்பிட்டது என்று தெருவில் நின்றபடியே நான் சொல்லிவிடுவேன். என் இருமல் சத்தம் கேட்டாலே மொட்டுப்புழு குடும்பத்தோடு மூட்டை கட்டிக்கொண்டு வல்லம் பக்கம் குடிபோய்விடும்.

இதில் முக்கால் பங்கு கூடுதல். மீதிக் கால் பங்கு வேணி சொல்லிக்கொடுத்தது. அதனால் அவளைப் பற்றி எழுதுவதுதான் நியாயம்.

ஓமந்தூரைத் தாண்டி உள்ளே பிரியும் சாலையில் எங்கள் ஊர். என் வீட்டுக்கு எதிர்வீடு வேணியுடையது. ஐம்பதை ஒட்டிய வயது. கணவன் கண்ணையனுக்குச் சென்னையில் கட்டட வேலை. மாதத்துக்கு ஒருமுறை வருவான், அவள் கத்துவதைக் கேட்பான், நிம்மதியாகத் திரும்பிப் போவான். "அது கத்திக்கினு இருந்தாத்தான் பெரிம்மா, வூட்ல எல்லாம் சரியா கீதுன்னு அர்த்தம்" என்பான்.

அவளுக்குச் சொந்த நிலம் கிடையாது. அம்மா மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைக் கொல்லைகளில் களையெடுத்தவள். வேணி பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்த நாட்களைவிட அடுத்தவர் மல்லிக் கொல்லையில் குனிந்த நாட்கள் அதிகம். வெளிச்சம் வருமுன் செடிகளுக்குள் நுழைந்தால், வெயில் ஏறி மொட்டு விரிவதற்குள் கூடை நிரம்ப வேண்டும். ஒரு மார்கழியில் பனியில் விரல் மரத்துப்போய், கூடைக்குள் கொஞ்சம் பிஞ்சு மொட்டும் விழுந்துவிட்டது. கொல்லைக்காரர் கூடையை எட்டி உதைத்தார். பாவாடை கட்டிய பெண் அவள். சிந்திய மொட்டுகளை மண்ணோடு அள்ளி அவர் சட்டைப்பையில் திணித்துவிட்டு நடந்தாள். மூன்று கூடை மொட்டையும் திணித்தாள், அவர் சட்டை கிழிந்தது, அவர் அழுதார் என்று நான் ஊரில் பரப்பி வைத்திருக்கிறேன். திணித்தது ஒரு பிடிதான். அன்றைக்கு வேலை போயிற்று. கோபம் போகவில்லை.

அந்தக் கோபத்தோடுதான் அவள் பூச்சிகளைப் பார்க்கக் கற்றாள். ஒவ்வொன்றுக்கும் தன் புகுந்த வீட்டில் ஓர் ஆளைப் பொறுக்கி வைத்தாள். மொட்டில் ஓட்டை போட்டு உள்ளே உட்கார்ந்து தின்னும் மொட்டுப்புழு, மாமியார். "உள்ள உக்காந்துகினே துன்னும். வெளிய கேட்டா பட்டினின்னும்." இலைக்கு அடியில் மெல்லிசாக வலை பின்னி, மேல்பக்கம் வெளிர்ப் புள்ளியாக்கும் சிவப்புச் சிலந்தி, சின்ன நாத்தனார். கொழுந்தைச் சுரண்டி ஓரத்தைச் சுருட்டும் இலைப்பேன், பெரிய நாத்தனார். "ஆளு கண்ணுக்குத் தெரியாது. செஞ்சிட்டுப் போனதுதான் தெரியும்." தண்டில் வெள்ளையாக அப்பிக்கொண்டு அசையாமல் கிடக்கும் மாவுப்பூச்சி, கண்ணையனின் அண்ணன். மொட்டு கத்தரிப்பூ நிறத்துக்கு மாறி விரியாமலே கொட்டினால் அது மொட்டு ஈயின் வேலை. அதற்கு மட்டும் உறவுப் பெயர் கிடையாது. "அவ்ளோ கெட்டவங்க எங்க வூட்ல இல்ல பெரிம்மா" என்றாள்.

வைத்தியமும் ஆளுக்கேற்ற மாதிரிதான். ஓட்டை விழுந்த மொட்டையும் நிறம் மாறிய மொட்டையும் பொறுக்கி, கொல்லைக்கு வெளியே குழி வெட்டிப் புதைப்பாள். மாவுப்பூச்சியைச் சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் தேய்த்து எடுப்பாள். நாத்தனார்களுக்கு வேப்பங்கொட்டை: இடித்துத் துணியில் கட்டி ராத்திரி முழுக்க ஊறவைத்துப் பிழிந்து, சோப்பு கொஞ்சம் கலந்து, வெயில் சாய்ந்தபின் இலையின் அடிப்பக்கம் நனைய அடிப்பாள். சிலந்தி அதற்கும் அடங்காவிட்டால் தண்ணீரில் கரையும் கந்தகத்தூள். எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு சடங்கு உண்டு. வெள்ளைத் துணியைக் கொழுந்துக்குக் கீழே பிடித்து, கொழுந்தைத் தட்டுவாள். துணியில் விழுந்து ஓடுவது யார் என்று பார்க்காமல் மருந்தில் கை வைக்க மாட்டாள். "யாருன்னே தெரியாம எப்டித் திட்றது?" என்பாள்.

குத்தகைக்கு எடுத்த அரை ஏக்கரில் இப்படித்தான் அவள் குண்டுமல்லி வளர்த்தாள். நிலம் அரங்கநாதனுடையது. அவருக்கு வீடு திண்டிவனத்தில். நிலத்தைப் பார்க்க வரும்போது காரைவிட்டு இறங்கமாட்டார். குத்தகை ஒவ்வொரு சித்திரையிலும் புதுப்பிக்க வேண்டியது. போன கார்த்திகையில் கண்ணாடியை இறக்கி அவர் சொன்னதை நானே கேட்டேன்.

"எல்லாரும் சவுக்குப் போடறாங்க வேணி. நட்டுட்டு வூட்ல உக்காந்துகினு இருக்கலாம். சித்திரைக்குப் பூ சரியா வரலன்னா நானும் சவுக்கு போட்டுடறேன்."

"என் பூ எப்பங்க சரியா வராம போச்சு?"

"போவலதான். சொல்லி வெக்கிறேன். சவுக்கு கத்தவும் கத்தாது பாரு."

கார் போனபிறகு அவள் கிளப்பிய தூசியைப் பார்த்தபடி நின்றாள். காரின் தூசியைத்தான் சொல்கிறேன். சவுக்கு நட்டால் அந்த மண் இனி வருடக் கணக்கில் அவள் கைக்கு வராது. பழையபடி யார் கொல்லையிலாவது கூடையோடு குனிய வேண்டும். "பெரிம்மா, இன்னொருத்தன் கூடைய இடுப்புல வெக்க மாட்டேன். செத்தாலும் வெக்க மாட்டேன்" என்றாள். அதை மெதுவாகச் சொன்னாள். வேணி மெதுவாகப் பேசினால்தான் எனக்குப் பயம்.

மார்கழியில் செடிகளைக் கவாத்து செய்தாள். பொங்கல் வந்தது, மாட்டுப் பொங்கலுக்கு அவள் முதுகில் மாட்டி அடிக்கும் மருந்து டேங்க்கும் மற்றவர்களுடையதோடு சேர்ந்து குளித்து மஞ்சள் பூசிக்கொண்டது. தை நடுவில் வெட்டிய இடமெல்லாம் சிவப்பும் பச்சையுமாகத் துளிர் வெடித்தது. துளிர் வரும்போது நாத்தனார்கள் வருவார்கள் என்று, வழக்கம்போல வேப்பங்கொட்டைச் சாறு அடித்தாள்.

அடுத்த வாரத்தில் கொழுந்துகள் திருகிக்கொண்டன.

சும்மா சுருளவில்லை. இலை அகலமாகவே வரவில்லை. நூல் மாதிரி ஒல்லியாக, நரம்புகள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நீண்டு வந்தது. தண்டு பாம்பாட்டி கையிலிருந்து நழுவிய பாம்பு போல முறுக்கிக்கொண்டு நின்றது. அடியிலிருந்த முற்றிய இலைகளுக்கு ஒன்றுமில்லை. வேணி வெள்ளைத் துணியைப் பிடித்துத் தட்டினாள். ஓர் எறும்பு விழுந்தது. இன்னொரு செடியில் தட்டினாள். எதுவும் விழவில்லை.

ஒரு கொழுந்தைக் கிள்ளிப் பிளாஸ்டிக் கவரில் போட்டுக்கொண்டு திண்டிவனத்தில் மருந்துக் கடைக்குப் போனாள். கடையின் பெயரை எழுத மாட்டேன். எழுதினால் இலவச விளம்பரம். கவுண்டரில் ராஜ்குமார் என்று ஒருவன். கவரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். திறக்கவில்லை.

"பேன்க்கா."

"பேனு விழலியே. தட்டிப் பாத்தனே."

"இது புது மாதிரி பேனு. தட்டினா விழாது" என்று சொல்லி ஒரு பாட்டிலை நீட்டினான்.

வாங்கி வந்து அடித்தாள். முறுக்கல் கூடியது. மறுபடி போனாள். இந்த முறை அவன் கவரைத் தூக்கிக்கூடப் பார்க்கவில்லை. சிலந்தி என்றான். வேறு பாட்டில். அதையும் அடித்தாள். துளிர்த்தது எல்லாம் துளிர்க்கும்போதே கோணிக்கொண்டு வந்தது.

இதற்கு நடுவில் ஊருக்கு இன்னொரு விஷயம் கண்ணில் பட்டது. கொல்லையின் மூலையில் ஏழு கன்னிமார் கற்கள் இருக்கின்றன. அதையொட்டி இரண்டு வரிசை மல்லி. அந்த இரண்டு வரிசை மட்டும் நெய் தடவினது போலப் பளபளவென்று துளிர்த்து நின்றது. சும்மா இருப்பார்களா? கன்னிமார் தங்கள் பங்கைக் காப்பாற்றிக்கொண்டார்கள், மீதியில் ஏதோ குற்றம் இருக்கிறது, வேணி வாய்க்கு இது வேண்டும்தான் என்று பேச்சு கிளம்பியது. ஒருத்தி வந்து, "கெடா வெட்டறேன்னு வேண்டிக்க வேணி" என்றாள்.

வேணி நேராகக் கற்களுக்கு முன்னால் போய் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"ரெண்டு வரிசைய காப்பாத்தத் தெரிஞ்சவங்களுக்கு மூணாவது வரிசைக்கு வர கால் இல்லியா? ஏழு பேரு கீறீங்களே, ஆளுக்கு ரெண்டா பிரிச்சிக்கினா இன்னா?"

கொல்லைக்கு வெளியே நின்ற பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். வேணியின் சத்தத்தில் பனமலை ஏரியில் அலை எழுந்து கரையைத் தாண்டியது என்று அன்றைக்கே பேரப்பிள்ளைகளுக்குப் போனில் சொன்னேன். நம்பவில்லை. படித்த பிள்ளைகள்.

மூன்றாவது முறை கடைக்குப் போனபோது என்னையும் இட்டுக்கொண்டு போனாள். மாசி வெயில். கடையில் கூட்டம். மல்லாட்டைக்கு மருந்து வாங்க வந்தவர், கேப்பைக்கு வந்தவர், எல்லோர் கையிலும் ஒரு கவர், எல்லாக் கவருக்குள்ளும் வாடிப்போன ஓர் இலை. ஒரு கவரையும் அவன் திறக்கவில்லை. எனக்கு அங்கேயே ரத்தம் சுட்டது. ஜுரம் என்று போனால் நாடியைத் தொடாமல் ஊசி போடுகிறவனை நாம் சும்மா விடுவோமா? செடிக்கு வாயில்லை என்றால் இவர்களுக்குக் கண்ணும் இல்லாமல் போகவேண்டுமா?

ராஜ்குமார் எங்கள் கவரைப் பார்த்தான்.

"அக்கா, இது வைரஸ். ஒண்ணும் பண்ண முடியாது. புடுங்கிப் போட்டுட்டுப் புதுசா வெச்சிடுங்க."

வேணி கவரைப் பிரித்தாள். கொழுந்தை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடக்கிவிட்டாள்.

"போன மாசம் பேனு. அப்பால சிலந்தி. இப்ப வைரஸு. நாளைக்கு வந்தா என் மாமியார் ஆவின்னு சொல்லுவியா? தொட்டுப் பாரு. திருப்பிப் பாரு. இதுல ஓட்டை கீதா, வலை கீதா, எச்சம் கீதா? எதுவும் இல்லாத எலைக்கு எதுக்குடா பாட்டில் குடுத்த?"

"அக்கா, பேஜாரு பண்ணாதீங்க. கஸ்டமர்லாம் நிக்கிறாங்க."

"நானு யாரு? உன் வூட்டு விருந்தாளியா?"

அவன் என்னைப் பார்த்தான். "நீங்க படிச்சவங்க மாதிரி தெரியுது. நீங்களாவது எடுத்துச் சொல்லுங்கம்மா."

"இவ சொல்றதுதான் எனக்கும் சந்தேகம் தம்பி. மாமியார் ஆவிக்கு இன்னா பாட்டில் வெச்சிருக்க?" என்றேன்.

கூட்டம் சிரித்தது. இரண்டு பேர் தங்கள் கவர்களைப் பிரிக்க ஆரம்பித்தார்கள். வேணி போட்ட சத்தத்தில் அலமாரியில் இருந்த பாட்டில்கள் அத்தனையும் அங்கேயே காலாவதி ஆயின என்று சொன்னால் நீங்கள் நம்பப் போவதில்லை. நானும் வற்புறுத்த மாட்டேன்.

திரும்பி வந்ததும் அவள் வீட்டுக்குப் போகவில்லை. கொல்லைக்குப் போய் வரிசை வரிசையாகக் கொழுந்தைத் தட்டினாள். துணி வெள்ளையாகவே இருந்தது. கடைசியில் துணியைச் சுருட்டித் தரையில் அடித்துவிட்டு வரப்பில் உட்கார்ந்தாள்.

"ஒண்ணுகூட இல்ல பெரிம்மா. ஒரு பூச்சி இருந்தாக்கூட நசுக்கிட்டு வூட்டுக்குப் போயிடுவேன். யார் மேல கோவப்படறது நானு?"

பேச்சை மாற்றத்தான் கேட்டேன், "கன்னிமார் வரிசைக்கு நீ எந்த மருந்து அடிச்ச?"

"எல்லாம் ஒண்ணுதான். ஒரே ட்ரம்மு, ஒரே வேப்பங்கொட்டை. அங்க டேங்க்கு மாட்டிக்கினு போவமாட்டேன், அவ்ளோதான். கன்னிமார் முன்ன மருந்து டேங்க்கு கொண்டு போவக்கூடாது. பக்கெட்ல எடுத்துக்கினு போயி வேப்பிலைக் கொத்தால தெளிப்பேன்."

சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். கற்களைப் பார்த்தாள். பளபளக்கும் இரண்டு வரிசையைப் பார்த்தாள். மூன்றாவது வரிசை, கோடு கிழித்த மாதிரி, முதல் செடியிலிருந்தே கோணிக்கொண்டிருந்தது. பூச்சி எங்கேயாவது கோடு பார்த்து நிற்குமா? பறந்தோ காற்றில் மிதந்தோ, ஒரு செடியிலாவது தாண்டியிருக்கும். சாறும் ஒன்று, மண்ணும் ஒன்று. வித்தியாசம் அவள் முதுகில் மாட்டியிருந்தது மட்டும்தான்.

"டேங்க்கு" என்றாள்.

அன்று சாயங்காலம் நடந்ததற்கு எனக்கு இன்னும் நஷ்டஈடு வரவில்லை. டேங்க்கில் வெறும் தண்ணீர் நிரப்பிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். தொட்டியில் நான் வளர்த்த தக்காளிச் செடிகள், பூவும் பிஞ்சுமாக. கேட்காமல் கொள்ளாமல் ஒரு செடிக்கு அடித்தாள்.

"ஏன்டி, உன் வூட்ல செடி இல்லியா?"

"என் வூட்டு அவரை காய்ச்சிக்கினு கீது பெரிம்மா."

என் தக்காளி காய்க்கவில்லையா என்ன? இரண்டொரு நாளில் அந்தச் செடியின் நுனி தலைகுனிந்து, இலைக்காம்பெல்லாம் கீழ்நோக்கி வளைந்து முறுக்கிக்கொண்டது. பக்கத்துத் தொட்டிச் செடி ஜோராக நின்றது. வெறும் தண்ணீர். டேங்க்குக்குள் வேறு ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது.

வேணி டேங்க்கைத் தலைகீழாகக் கவிழ்த்தாள். அவளுடைய டேங்க்கின் அடியில் ஒருமுறை விரிசல் விட்டு, எம்-சீல் வைத்து அடைத்திருந்தாள். இதன் அடி வழவழவென்று இருந்தது. விரிசலும் இல்லை, அடைப்பும் இல்லை. தோளை அறுக்கிறதென்று பழைய சிவப்புப் புடவை சுற்றிய வார் மட்டும் அவளுடையது. டேங்க் வேறு யாருடையதோ.

மாட்டுப் பொங்கலன்று எங்கள் ஊரில் மாட்டை மட்டும் கழுவுவதில்லை. கலப்பை, மண்வெட்டி, டிராக்டர், மருந்து டேங்க் எல்லாவற்றுக்கும் குளியல் உண்டு, மஞ்சள் குங்குமம் உண்டு. தெருவுக்கே அன்றைக்குச் சீனுவாசனின் பம்புசெட்டுத் தொட்டிதான் குளியலறை. டேங்க்குகள் எல்லாம் ஒரே கடையில் வாங்கிய நீல டேங்க். வார்களைக் கழற்றித் துவைத்துச் சுவரில் காயப்போட்டு, மறுபடி மாட்டுவார்கள். எது யாருடையது என்று அடையாளம் சொல்வதே அந்த வாரை வைத்துத்தான். ஒரு வாரை மாற்றி மாட்டினால் போதும். அதன் பிறகு இரண்டு பேரும் அடுத்தவர் டேங்க்கைத் தன்னுடையது என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்வார்கள்.

அன்றைக்கு அவளுடையதோடு பக்கத்தில் நின்ற டேங்க் சீனுவாசனுடையது. அவர் கரும்பு வைத்திருக்கிறார். கரும்புக்கு அடிக்கும் களைக்கொல்லி புல் ஜாதியை விட்டுவிட்டு, அகல இலை உள்ளதை எல்லாம் முறுக்கிக் கொல்லும். மல்லியும் அகல இலைதான், தக்காளியும் அகல இலைதான். அந்த மருந்து ஒருமுறை டேங்க்குக்குள் போய்விட்டால் பொங்கல் குளியலுக்கெல்லாம் போகாது. ரப்பர் குழாயிலும் வாஷரிலும் ஊறிக்கிடந்து, ஒவ்வொரு முறை அடிக்கும்போதும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். அதனால்தான் வேணி தன் டேங்க்கில் களைக்கொல்லியை மோந்துகூடப் பார்க்கவிடாமல் வைத்திருந்தாள். அவள் தன் கையாலேயே, கடைக்காரன் சொன்ன ஒவ்வொரு தரமும், தன் செடிக்கு விஷம் இறைத்திருக்கிறாள்.

டேங்க்கை மாட்டிக்கொண்டு சீனுவாசன் வீட்டுக்கு அவள் நடந்ததை நான் பார்த்தேன். வழியில் கிடந்த நாய்கள் எழுந்து நின்று வழிவிட்டன. இதில் கூடுதல் எதுவும் இல்லை.

சீனுவாசன் அறுபது வயது மனிதர், சத்தம் போடாதவர். மாட்டுக்குத் தவிடு கலந்துகொண்டிருந்தார்.

"அண்ணே, உன் டேங்க்கு எடு. கவுத்து அடியப் பாரு."

கவிழ்த்தார். எம்-சீல் இருந்தது.

"இது என்துண்ணே. நீ முதுகுல மாட்டிக்கினு கீறது என்து. நான் மாட்டிக்கினு இருந்தது உன்து. என் மல்லி அத்தினியும் போச்சு. சித்திரையில அந்த ஆளு சவுக்கு நட வருவான். உன் கரும்பு நல்லா கீதா? நல்லா இருக்கட்டும்."

"வேணி, உக்காரு."

"உக்கார வரல. பொங்கலுக்கு வாரைக் கழட்டினா எது யார்துன்னு பாத்து மாட்டத் தெரியாதா? கண்ணு இன்னாத்துக்கு கீது?"

அவர் வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார்.

"என்தையாவது குடு" என்று கை நீட்டினாள் வேணி.

"அதுல நானு கரும்புக்குக் களை மருந்து ரெண்டு வாட்டி அடிச்சிட்டேனே" என்றார் அவர்.

அவள் நீட்டிய கை அப்படியே நின்றது. அவளுடைய டேங்க்கும் இனி மல்லிக்கு ஆகாது. இரண்டும் கெட்டுப்போய்விட்டன. அப்போது அவள் பேசிய பேச்சை நான் இங்கே எழுதினால் அச்சுக்கூடத்தில் எழுத்துகள் வெட்கப்பட்டு உதிரும். சீனுவாசனின் அப்பா, தாத்தா, கரும்பு, கரும்பு போகும் ஆலை வரைக்கும் ஒருவரையும் விடவில்லை. அவர் தவிட்டுக் கையோடு கேட்டுக்கொண்டு நின்றார். வாரை மாற்றி மாட்டியது அவர்தானே, வேறென்ன செய்வார்?

மறுநாள் காலையில் வேணி வீட்டு வாசலில் ஒரு புது டேங்க் இருந்தது. பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. கொண்டுவந்து வைத்தவர் கதவைத் தட்டாமல் போயிருந்தார். வேணி அதை எடுக்கவில்லை. ஒரு நாள் முழுக்க வாசலிலேயே வெயில் காய்ந்தது. அடுத்த நாள் உள்ளே எடுத்துப்போனாள், யாருக்கும் சொல்லாமல்.

அப்புறம் கத்தரியைத் தீட்டினாள். முறுக்கிய கொழுந்து ஒன்றுவிடாமல், முறுக்காத பழைய கிளை வரும்வரை வெட்டினாள். வெட்டியதை எரித்தாள். தண்ணீரைத் தாராளமாகப் பாய்ச்சினாள். மக்கிய எரு வைத்தாள். வெட்டி முடித்த கொல்லை மொட்டைத்தலை போல நின்றது. ஊர்ப் பெண்கள் வந்து பார்த்து, "முடிஞ்சிது போ" என்றார்கள். வேணி அவர்களைப் பார்த்த பார்வையில் அவர்களும் போனார்கள்.

துளிருக்காக அவள் காத்திருந்த நாட்களில் நான் அவள் பக்கம் போகவில்லை. எனக்கும் உயிர்மேல் ஆசை உண்டு. பங்குனி நடுவில் ஒருநாள் தெருவிலிருந்தே கத்தினாள்:

"பெரிம்மா, ஜல்தி வா. நாத்தனார் வந்துட்டா."

ஓடிப்போய்ப் பார்த்தேன். புதுத் துளிர், அகலமாக, நேராக. வெள்ளைத் துணியில் சின்னச் சின்னதாக ஏழெட்டு இலைப்பேன்கள் ஓடிக்கொண்டிருந்தன. அவற்றைப் பார்த்து அவள் முகத்தில் வந்த சந்தோஷத்தை, அவளுடைய நிஜ நாத்தனார் ஒருநாளும் கண்டிருக்க மாட்டாள். திட்ட ஆள் கிடைத்துவிட்டது. சாயங்காலம் புது டேங்க்கில் வேப்பங்கொட்டைச் சாறு ஏறியது.

சித்திரையில் அரங்கநாதன் வந்தார். இந்த முறை காரைவிட்டு இறங்கினார். சவுக்குக்கு அளவெடுக்க ஓர் ஆளையும் கூட்டி வந்திருந்தார். வேணி அன்று பறித்திருந்த கூடையை அவர்முன் வைத்தாள். பாதிக் கூடைகூட இல்லை.

"இவ்ளோதானா?" என்றார்.

"கூடைய அப்பால பாருங்க. மொதல்ல செடியப் பாருங்க."

அவர் வரிசைக்குள் நடந்தார். ஒவ்வொரு கிளை நுனியிலும் கொத்துக் கொத்தாகப் பிஞ்சு மொட்டு. பத்துப் பதினைந்து நாளில் கூடை போதாமல் சாக்கு தேடும் அளவுக்கு. கூட வந்த ஆளே, "இத்த வெட்டறது பாவங்க" என்றான். அரங்கநாதன் கற்களைப் பார்த்தார், கன்னத்தில் போட்டுக்கொண்டார், வெளியே வந்தார்.

"சரி, இந்த வருசமும் வெச்சிக்க. கத்தாத."

"நான் எங்கங்க கத்தினேன்" என்றாள் வேணி, ஊருக்கே கேட்கும்படி.

இவ்வளவுதான் நான் எழுதியது. ஆளைப் பற்றி எழுதினால் ஆளுக்குப் படித்துக் காட்டவேண்டும் என்று ஒரு மரியாதை வைத்திருக்கிறேன். நேற்று வேணி என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பூக் கட்டிக்கொண்டே கேட்டாள். மொட்டு திணித்த இடத்தில் சிரித்தாள். கடையில் நான் பேசிய இடத்தில், "நீ இன்னும் கொஞ்சம் பேசியிருக்கணும்" என்றாள். சீனுவாசன் இடம் வந்ததும் கை நின்றுவிட்டது. படித்து முடிக்கும்வரை நார் விரலிலேயே சுற்றிக்கொண்டு இருந்தது.

"அது தப்பு பெரிம்மா. மாத்து."

"எது?"

"வாரை மாட்டினது அவரு இல்ல. நானு. அன்னைக்கித் துணி காஞ்சிதுன்னு ரெண்டு வாரையும் நாந்தான் எடுத்து மாட்டினேன். அவரு பக்கத்துல நின்னுகினு, 'வேணி, இது உன்துதானா, நல்லா பாத்தியா'ன்னு கேட்டாரு. 'எனக்குத் தெரியாதாண்ணே'ன்னு அதட்டினேன். அப்பால அவரு வூட்டு வாசல்ல நின்னு அவ்ளோ பேசினனே, அந்தாளு ஒரு வார்த்த சொன்னாரா? நீதானடி மாட்டினன்னு ஒரு வார்த்த. சொல்லியிருந்தா நானும் பதிலுக்கு ரெண்டு கத்திட்டு அன்னைக்கே முடிச்சிருப்பேன். சொல்லாம போயி டேங்க்கு வாங்கியாந்து வெக்கிறாரு. அத்த எழுது. எனக்கு அந்தாளு மேல அவ்ளோ கோவம் கீது."